வீட்டோரத் தூர்: பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலை ஒட்டிய தெருக்களாகட்டும், தென்மேற்கே ராஜபாளையமாகட்டும், வீட்டுச் சுவரோரம் நின்ற மரத்தை அறுத்துச் சாய்த்ததோடு வேலை முடிந்ததாக யாரும் நினைப்பதில்லை. தூர் இருக்கிறதே என்ற கவலை அன்றைக்கே தொடங்கிவிடும். வேர் அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும், கறையான் ஏறிவிடும், ஒரு மழை விழுந்தால் திரும்பத் துளிர்த்துவிடும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பிறகு ஜேசிபி வந்து நிற்கும்; சந்து குறுகலாக இருந்தால் கடப்பாரையும் மம்பட்டியுமாக ஆட்கள் இறங்குவார்கள். தூரைப் புரட்டித் தெருவில் போட்டால்தான் வீட்டுக்காரருக்கு நிம்மதி. இந்த வழக்கத்துக்குப் பின்னால் நியாயமான அனுபவ அறிவு நிறைய இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டி முடித்துக் குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டி இதைச் செய்யும்போது, தூரால் வரக்கூடிய கெடுதலைவிடத் தூரை எடுத்த குழியால் வரும் கெடுதல் பெரும்பாலும் பெரிதாகிவிடுகிறது. எந்தத் தூரை எடுப்பது, எதை மண்ணுக்குள்ளேயே விடுவது என்பதை மரத்தின் வகையைப் பார்த்தும், அதைவிட முக்கியமாக மண்ணின் வகையைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டும். இன்றைக்கு அந்த முடிவைப் பெரும்பாலும் பயமும் மரம் அறுக்கும் ஒப்பந்தமும்தான் எடுக்கின்றன.

வழக்கத்தின் பக்கமுள்ள நியாயத்தை முதலில் பார்ப்போம். வேம்பு, புங்கை, பூவரசு, வாகை, புளி எல்லாமே வெட்டினாலும் அடங்காத மரங்கள். மேலே அறுத்துவிட்டால் தூரின் பட்டை ஓரத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பும். வேம்பு இன்னும் ஒரு படி மேலே போய், காயம்பட்ட வேரிலிருந்தே தனிக் கன்றுகளைத் தள்ளும். தூருக்கும் வேருக்கும் உள்ளே மாவுச்சத்து சேமிப்பு இருக்கும்வரை இது நடக்கும். கறையான் பயமும் வெறும் கற்பனை அல்ல. நம் வீடுகளைத் தின்னும் மண்கறையான் ஈரமண்ணும் செத்த மரமும் உள்ள இடத்தில்தான் செழிக்கும்; சுவரோரத் தூர் இரண்டையும் ஒரே இடத்தில் தருகிறது. கட்டடக் கறையான் தடுப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 6313-இன் இரண்டாம் பகுதி, மனையில் மருந்து தெளிப்பதற்கு முன் மரங்கள், தூர்கள், கட்டைகள், வேர்கள் எல்லாவற்றையும் அகற்றச் சொல்கிறது. கொத்தனார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததும் இதைத்தான்: வானம் தோண்டும்போது ஒரு வேர்த்துண்டு கிடந்தாலும் எடுத்துப் போடு. புதிதாக வீடு கட்டும் மனையில் இதற்கு மறுபேச்சே கிடையாது. தூரின் மேல் மண்ணைத் தள்ளித் திண்ணையோ தரையோ போட்டால், சில வருடங்களில் அது மக்கி, கறையானுக்கும் இரையாகி, தரை அந்த இடத்தில் உள்வாங்கும்.

தவறு தொடங்குவது இதற்கு அடுத்த படியில். ஐஎஸ் 6313-இன் இரண்டாம் பகுதி கட்டுவதற்கு முன்பும் கட்டும்போதும் செய்யும் வேலைக்கானது. கட்டி முடித்த வீடுகளுக்கென்று மூன்றாம் பகுதி தனியாகவே இருக்கிறது. சுவரைச் சுற்றி மண்ணில் மருந்து செலுத்துவதுதான் அதன் அடிப்படை. காலி மனையில் தூரைத் தோண்டினால் குழி எவ்வளவு ஆழமானாலும் கவலையில்லை. அதன்மேல் இன்னும் எந்தப் பாரமும் வரவில்லை, அஸ்திவாரமும் குழியின் நிலையைப் பார்த்த பிறகுதான் போடப்படும். வீடு எழும்பி நாற்பது வருடம் ஆன பிறகு அதே குழியைத் தோண்டினால், சுவரின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் மண்ணில் கைவைக்கிறோம். காலி மனைக்குச் சொன்ன விதியைக் குடியிருக்கும் வீட்டுக்கு அப்படியே கொண்டுபோனதுதான் இந்த வழக்கத்தின் மூலக் குறை. தூர் எடுப்பது மர வேலையாகப் பார்க்கப்படுகிறது. வீட்டோரத்தில் அது அஸ்திவார வேலை. அதைச் செய்ய வருபவரோ அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், கருங்கல்லா செங்கல்லா, பெல்ட் இருக்கிறதா என்று கேட்காமலே வேலையைத் தொடங்கக்கூடியவர்.

பாரம் மண்ணில் எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். அஸ்திவாரத்தின் அடிவிளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக, கீழ்நோக்கி 45 டிகிரி சாய்வில் ஒரு கோடு போவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கோட்டுக்குக் கீழேயுள்ள மண் சுவரின் பாரத்தைச் சுமக்கிறது. அதைக் கிளறக் கூடாது என்பது கட்டடத் தொழிலில் கைக்கணக்காக வைத்திருக்கும் பாதுகாப்பு எல்லை. பழைய ஓட்டு வீட்டுக்கு மூன்றடி ஆழத்தில் கருங்கல் அஸ்திவாரம், தூர் அதிலிருந்து நான்கடி தள்ளி இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். கேட்பதற்குப் போதுமான இடைவெளி போலத் தெரியும். ஆனால் நன்றாக வளர்ந்த வேம்பின் தூரைப் புரட்ட ஜேசிபி ஆறடி அகலத்துக்காவது மண்ணை எடுக்கும். குழியின் உள்விளிம்பு அப்போது அஸ்திவாரத்துக்கு ஓரடியில் வந்து நிற்கும். அந்த இடத்தில் கோட்டின் ஆழம் நான்கடி. ஆணிவேரைத் தேடி ஐந்தடிக்குப் போய்விட்டால் எல்லை தாண்டியாயிற்று. அதற்கு மேலே நின்றாலும் பாதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. அஸ்திவாரத்தின் பக்கத்தில் இறுகிக் கிடக்கும் மண்தான் அடிமண் பிதுங்காமல் அழுத்திப் பிடிக்கிறது; பக்கத்து மண்ணை எடுத்தால் தாங்கும் வலுவும் குறையும். சிமெண்டு பில்லரும் பிளிந்த் பீமும் உள்ள புது வீடு இதைச் சமாளிக்கலாம், ஒரு பக்கம் சற்று இறங்கினாலும் பீம் பாரத்தைப் பிரித்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சாந்திலோ செம்மண்ணிலோ கல்லை அடுக்கிக் கட்டிய பழைய அஸ்திவாரத்துக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஓரிடத்தில் மண் இளகினால் அதற்கு நேர்மேலே சுவர் படிக்கட்டு வடிவில் விரியும்.

தோண்டுவதைவிட இழுப்பது மோசம். இயந்திரத்தின் கரண்டி தூரின் அடியில் நுழைந்து நெம்பும்போது வேர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அறுவதில்லை. மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேலடுக்கில் இரண்டு மூன்றடி ஆழத்துக்குள் பக்கவாட்டில் ஓடுகின்றன. அவற்றில் சில சுவரின் கீழோ படிக்கட்டின் கீழோ நுழைந்திருக்கும். தூரைத் தூக்கும்போது அந்த வேர்களும் தூக்கும், மேலே இருப்பதையும் சேர்த்தே தூக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வேரோடு சாய்ந்த மரங்கள், நடைபாதைப் பலகைகளையும் சுற்றுச்சுவர்களையும் பெயர்த்துக்கொண்டு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அன்று காற்று செய்ததை, வீட்டுக்குப் பக்கத்தில் நாமே பணம் கொடுத்துச் செய்விக்கிறோம். குடிநீர்க் குழாய், செப்டிக் டேங்குக்குப் போகும் குழாய், தரையடி மின்கம்பி எல்லாமே பழைய வீடுகளில் வரைபடம் இல்லாமல்தான் புதைந்திருக்கின்றன. வேரோடு சேர்ந்து அவற்றில் ஒரு இணைப்பு விலகினால், கசிவு வெளியே தெரிவதற்குள் அஸ்திவாரத்தின் அடிமண் ஊறிவிடும்.

சரி, வேரே அஸ்திவாரத்தை உடைக்கும் என்கிறார்களே, அதற்கென்ன பதில்? உயிருள்ள வேர் பருக்கும்போது தள்ளும் விசை உண்மையானதுதான். ஆனால் அது எதைத் தள்ளும் என்று பார்க்க வேண்டும். படி, சிமெண்டுத் தளம், சாக்கடைச் சுவர், ஒற்றைச் செங்கல் சுற்றுச்சுவர் போன்ற இலகுவானவற்றை அது தூக்கும், விரியச் செய்யும். வீட்டின் முழுப் பாரமும் இறங்கும் அஸ்திவாரத்தை நேராகத் தூக்கும் அளவுக்கு அதற்கு வலு கிடையாது. பாரம் அதிகமான இடத்தில் வேர் தன்னை வளைத்துக்கொண்டோ தட்டையாகியோ போகும். எல்லாவற்றையும்விட, மரத்தை வெட்டித் தூரையும் சாகவிட்ட பிறகு பருப்பதற்கே வழியில்லை. செத்த வேர் தள்ளாது. வெட்டுவதற்கு முந்தைய நாள்வரை ஆபத்தாக இல்லாத வேர், வெட்டிய மறுநாள் ஆபத்தாகிவிடாது. வேரின் தள்ளுவிசையைக் காரணம் காட்டிச் செத்த தூரைப் பிடுங்குவதில் பொருள் இல்லை.

மரம் வீட்டை உண்மையில் பாதிப்பது வேறு வழியில்: மண்ணிலுள்ள நீரை உறிஞ்சுவதன் மூலம். இங்கேதான் மண்ணின் கதை வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பக்கம் செவல்மண்ணும் சரளையும் மிகுதி. கிழக்கே சாத்தூர், அருப்புக்கோட்டை என்று போகப்போகக் கரிசல் விரியும். இடையிலுள்ள ஊர்களில் ஒரே தெருவில்கூட இரண்டும் கலந்து கிடக்கும். செவல் நனைந்தாலும் காய்ந்தாலும் அளவில் பெரிதாக மாறாது. கரிசலில் உள்ள மான்ட்மோரிலோனைட் வகைக் களிமண் நீரை உள்வாங்கி உப்பும், நீரை இழந்து சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பங்குனி தொடங்கிப் புரட்டாசிவரை மண் காய்ந்து, ஐப்பசி கார்த்திகையில் ஒரே மூச்சாக மழை இறங்கும் விருதுநகர் மாவட்டத்தில் இந்த ஏற்ற இறக்கம் வருடம் தவறாமல் நடக்கிறது. கரிசலுக்கென்றே ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த அடியகன்ற பைல் அஸ்திவாரத்துக்கு, ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் நீளம் வேண்டும் என்று இந்தியத் தரம் வைத்திருப்பதன் காரணம் இதுதான்: பதினோரு பன்னிரண்டு அடி வரைக்கும் மண் பருவத்துக்குப் பருவம் அசைகிறது. நம் சாதாரண வீட்டின் அஸ்திவாரமோ மூன்று நான்கு அடியில் நிற்கிறது.

கரிசலில் ஒரு பெரிய மரம் வீட்டோரம் பல வருடம் நின்றால், அது தன் பக்கத்து மண்ணை மற்ற இடத்தைவிடக் காய்ந்த நிலையிலேயே வைத்திருக்கும். வீடும் அந்தச் சமநிலைக்குப் பழகியிருக்கும். மரத்தை எடுத்தவுடன் உறிஞ்ச ஆளில்லை. மண் மெல்ல மெல்ல நீரைத் திரும்பப் பெற்று உப்பும், அந்த மூலை உயரும். இங்கிலாந்தில் இது விரிவாக ஆராயப்பட்ட விஷயம். 1971 முதல் அங்கே வீட்டுக் காப்பீட்டில் நிலம் இறங்குவதால் வரும் சேதமும் சேர்க்கப்பட்டது. 1976 வறட்சியில் களிமண் சுருங்கிச் சுவர்கள் விரிந்ததாக இழப்பீடு கேட்டு மனுக்கள் குவிந்தன. கியூ தாவரவியல் தோட்டத்தின் கட்லரும் ரிச்சர்ட்சனும் மரவேர்களால் கட்டடங்களுக்கு நேர்ந்த சேதங்களைத் தொகுத்து 1981இல் நூலாக வெளியிட்டார்கள். அந்நாட்டின் புது வீடுகளுக்கான தர விதிகள் இன்றும், மனையில் நிற்கும் மரங்களோடு, முன்பு நின்று எடுக்கப்பட்ட மரங்களையும் கணக்கில் வைத்தே அஸ்திவார ஆழத்தைச் சொல்கின்றன. லண்டன் களிமண்ணில் ஓக் மரத்துக்குக் கண்ட தூரத்தை நம் வேம்புக்கு அப்படியே பொருத்த முடியாது. மழையும் வேறு, மரமும் வேறு. ஆனால் இயங்கும் முறை ஒன்றே. அதிலிருந்து நம் விவாதத்துக்குக் கிடைக்கும் செய்தி முக்கியமானது: மண் உப்புவது மரம் நீர் உறிஞ்சுவதை நிறுத்துவதால், தூர் மண்ணில் இருப்பதாலோ இல்லாததாலோ அல்ல. தூரைப் பிடுங்கினால் இந்த உப்பல் தடைபடாது, இன்னும் வேகம்தான் பிடிக்கும். ஏனென்றால் அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே மழைநீர் இறங்க ஒரு குழியைத் திறந்துவைக்கிறோம்.

தன் வீட்டு மண் எது என்பதை அறிய ஆய்வகம் போக வேண்டியதில்லை. ஐஎஸ் 2720-இன் நாற்பதாம் பகுதி சொல்லும் சோதனை மிக எளியது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண்ணில் பத்துப் பத்து கிராமாக இரண்டு பங்கு எடுத்து, 100 மில்லி அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட வேண்டும். ஒன்றில் வாலைவடி நீர், மற்றதில் மண்ணெண்ணெய். நன்றாகக் கலக்கி 24 மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, நீரில் உப்பும். மண்ணெண்ணெயில் மண் 10 மில்லியிலும் நீரில் 16 மில்லியிலும் நின்றால், உப்பல் 60 சதவீதம். 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் மண் பெரிதாக அசையாத வகை; நூறைத் தாண்டினால் கடுமையான கரிசல். மாவுச் சல்லடையும் ஒரே அளவுள்ள இரண்டு நீளக் கண்ணாடிக் குப்பிகளும் இருந்தால் தோராயமாக வீட்டிலேயே பார்த்துவிடலாம். மேல்மண்ணை எடுக்காமல், மூன்றடி ஆழத்து மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். மேலே கொட்டிய கிராவல் கண்ணை ஏமாற்றும். இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல், மரம் பெரிதா சிறிதா என்று மட்டும் பார்த்து ஜேசிபிக்குச் சொல்லிவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இனி மறுப்புகள். கறையானைச் சொல்பவர்களின் வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. ஆனால் தூரை எடுப்பதால் கறையானுக்கு இரை இல்லாமல் போகிறதா என்று யோசிக்க வேண்டும். இயந்திரம் எடுத்துப் போடுவது நடுக்கட்டையையும் முறிந்து வந்த பருத்த வேர்களையும் மட்டுமே. வீட்டுக்கு அடியில் நுழைந்த வேர்கள் முறிந்து அங்கேயே கிடக்கின்றன. எது வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறதோ அதைவிட்டு, எது தள்ளியிருக்கிறதோ அதைத்தான் எடுத்திருக்கிறோம். கிளறி இளகிய மண் வேறு அதிக ஈரம் பிடிக்கும். கறையான் புற்றிலிருந்து பல மீட்டர் தூரம் மண்ணுக்குள் வழியமைத்து இரை தேடும் பூச்சி. ஒரு தூர் போனதால் அது வீட்டை மறந்துவிடாது. சுவரடியில் மருந்துத் தடுப்பு போடுவதும், சுவரில் ஏறும் மண்குழாயை மாதாமாதம் பார்த்து வருவதும், நிலைக்கால் மண்ணைத் தொடாமல் வைப்பதும்தான் வீட்டைக் காக்கும். தூரை விட்டுவைத்தால் அதிலும் மருந்து செலுத்த வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கவனிப்பாரற்று விடப்பட்ட தூருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

வேர் மக்கினால் மண்ணுக்குள் பொந்து விழுமே என்பது அடுத்த மறுப்பு. விழும், ஆனால் வேரின் பருமனுக்குத்தான் விழும். விரல் கனமுள்ள வேர் விட்டுச்செல்வது விரல் கனமுள்ள இடைவெளி. பல வருடங்களில் மெதுவாக மக்குவதால் மேலிருக்கும் மண் அதற்குள் சிறிது சிறிதாக இறங்கி நிரப்பிவிடும். ஒரே நாளில் ஆறடிக் குழி போட்டுத் தளர்வாக மூடுவதோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் தூரே சுவருக்கு நேர்கீழே, அல்லது அஸ்திவாரத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தால் இந்தப் பதில் செல்லாது. முன்பு நின்ற மரத்தை அறுத்துவிட்டு அதன்மேலேயே கட்டடத்தை விரிவாக்கிய வீடுகளில் அப்படி இருக்கக்கூடும். அங்கே கட்டைக்கு இரண்டு பக்கமும் சுவருக்கு முட்டுக்கொடுத்து, சிறு சிறு பகுதியாகத் தோண்டி, எடுத்த இடத்தை உடனுக்குடன் கான்கிரீட்டால் நிரப்பிக்கொண்டு போக வேண்டும். அது பொறியாளர் பார்த்துச் செய்யும் வேலை.

தென்னையின் கதை தலைகீழானது. ராஜபாளையம் சுற்றுவட்டாரத்தில் தோப்பும் தென்னையும் நிறைய. கொல்லையில் ஒன்றிரண்டு தென்னை இல்லாத பழைய வீடு குறைவு. தென்னை ஒருவித்திலைத் தாவரம், அதன் வேர்கள் நார்போலச் சீரான தடிமனில் ஓடும், வயதாக ஆகப் பருப்பதில்லை. குருத்தை இழந்த தென்னந்தூர் துளிர்ப்பதும் இல்லை. அஸ்திவாரம் என்ற கணக்கில் பார்த்தால் எல்லாத் தூர்களிலும் கவலை குறைந்தது இதுதான். ஆனால் மக்கும் தென்னந்தூர் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருக நல்ல இடம்; சிவப்புக் கூன்வண்டையும் செத்த, சாகும் தென்னை ஈர்க்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களையும் தூர்களையும் விரைவாக அப்புறப்படுத்துவது எஞ்சிய மரங்களைக் காக்கும் வேலையாகவே ஆனது. ஆகவே தென்னந்தூரை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் வீட்டுக்காக அல்ல, பக்கத்துத் தோப்புக்காக. அதற்கு ஆழக் குழி தேவையில்லை. தரைமட்டத்துக்குக் கீழே ஓரடிவரை கோடாரியால் சிதைத்து எடுத்து, மீதியை மண்ணால் இறுக்கி மூடினால் வண்டுக்கு இடமிராது. வேர்க்கட்டையை முழுசாகப் புரட்டுவது இதிலும் வீண் வேலைதான்.

அரசும் ஆலும் இன்னொரு முனை. பறவை எச்சத்தில் விழுந்த விதை கல்லிடுக்கில் முளைத்து, கோபுரமோ மதிலோ பழைய வீட்டின் பேஸ்மட்டமோ, சாந்தின் ஈரத்தையே உண்டு வளரும். இதில் வேர் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஓடுவதில்லை, கட்டடத்துக்குள்ளேயே ஓடுகிறது. இங்கே விட்டுவைக்கும் வாதம் எடுபடாது, ஏனென்றால் ஒரு துண்டு வேர் உயிரோடிருந்தாலும் திரும்ப முளைக்கும். ஆனால் பிடுங்கும் வாதமும் எடுபடாது. கல்லைப் பற்றிய வேரை இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். தரையில் தள்ளி நிற்கும் வேம்பை அவசரமாகப் பிடுங்கி, சுவர் இடுக்கிலுள்ள அரசங்கன்றைக் கத்தியால் நுனி கிள்ளி விட்டுவிடும் பழக்கம் மாற வேண்டும். கவனத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்காததுதான் இதிலும் குறை. கன்றிலேயே வேரோடு எடுப்பது எளிது. பருத்துவிட்டால் முதலில் உயிரை எடுத்து, வேர் சுருங்கிய பிறகு கற்களைக் கழற்றி மறுபடி கட்டுவதுதான் வழி.

ஜேசிபி கட்டுப்படியாகாதவர்கள் கையாளும் மலிவு வழிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவற்றில் சில குழியைவிட மோசமானவை. தூரில் துளையிட்டு ஆசிட் ஊற்றுகிறார்கள். ஆசிட் மரத்தோடு நிற்காது, மண்ணில் இறங்கி அஸ்திவாரத்தின் சுண்ணாம்பையும் சிமெண்டையும் கரைக்கும். கல்லுப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு மழைநீரில் கரைந்து சுவரில் ஏறி, செங்கல்லைப் பொரியவைக்கும். பிளிந்த் பீமின் கம்பியைத் துரு அரிக்கும். சாகுபடிக் கிணறு பக்கத்தில் இருந்தால் அந்த நீரும் கெடும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது இன்னொன்று. தூரின் தீ தணலாக வேர்வழியே நாட்கணக்கில் மண்ணுக்குள் ஊரும்; சுவருக்கு அடியிலுள்ள கருங்கல் சூடேறினால் அடுக்கடுக்காகப் பெயரும், மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ இருந்தால் பெரும் விபத்து. துளையில் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுவிடும் என்ற நம்பிக்கை நெடுநாளாக இருக்கிறது. அதனால் அஸ்திவாரத்துக்குக் கெடுதல் ஏதுமில்லை. ஆனால் வேம்பின் துளிர்ப்பை அது நிறுத்தும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? அறுத்த அன்றே, வெட்டுமுகம் ஈரமாக இருக்கும்போதே தூரைச் சாகடிக்க வேண்டும். உயிர் ஓடுவது பட்டைக்கு உட்புறமுள்ள வளையத்தில்தான். நடுக்கட்டையில் மருந்து பூசிப் பயனில்லை. இதற்குப் பூசும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையிட்டிருப்பதால் அவர்களைக் கொண்டே பூசச் செய்ய வேண்டும். மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு மெதுவான வழி ஒன்று உண்டு: பட்டையை மண்மட்டத்துக்குக் கீழேவரை உரித்து, தடித்த கறுப்புத் தார்ப்பாயால் மூடி, தலைகாட்டும் துளிரை விரல்நீளம் வளரும் முன்பே ஒடித்துக்கொண்டே இருப்பது. இலை இல்லாமல் வேரின் சேமிப்பு தீர்ந்துபோகும். தூர் செத்த பிறகு, தரைக்குக் கீழே ஓரடிவரை சுற்றிலும் மண்ணை விலக்கி, அந்த மட்டத்தில் அறுத்து எடுத்தால் மேலே மண் போட்டுத் தளம் அமைக்க இடம் கிடைத்துவிடும். பட்ட மரம் வீட்டில் நிற்பது ஆகாது என்று வருந்துபவர்களுக்கும் கண்ணில் படாமல் போகும். வீட்டுப் பக்கம் போகும் வேரை இழுக்கவே கூடாது, வாளால் நேராக அறுத்து விட்டுவிட வேண்டும்.

குழி தவிர்க்க முடியாமல் போனால் மூடும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது, நம் ஊரில் மிக அலட்சியமாகச் செய்யப்படுவதும் இதுதான். எடுத்த மண்ணையே கரண்டியால் தள்ளி மேலே ஜேசிபி சக்கரத்தை ஒருமுறை ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த ஐப்பசியில் அந்த இடம் ஓரடி இறங்கித் தண்ணீர் தேங்கும். அரையடி அரையடியாக மண்ணைப் போட்டு, அளவான ஈரத்தில் திமிசு இட்டு இறுக்க வேண்டும். செவல்மண்ணில் கிராவல் போட்டு நிரப்பலாம். கரிசலில் ஆற்று மணலோ எம்சாண்டோ போட்டு மூடுவது பெரும் தவறு. மணல் நன்றாகப் படியும் என்பது உண்மையே, ஆனால் சுற்றிலும் நீர் புகாத களிமண் இருக்கும்போது மணல் நிரப்பிய குழி மழைநீரைத் தேக்கி வைத்து, அஸ்திவாரத்தை ஒட்டிய கரிசலுக்கு மாதக்கணக்கில் ஊட்டிக்கொண்டிருக்கும். அங்கே தோண்டிய அதே கரிசலைப் பொடித்து இறுக்கி, மேலே சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரிவு வைப்பதுதான் சரி. மரத்தையும் முடிந்தால் மண் ஈரமாக இருக்கும் தை மாசியில் எடுப்பது நல்லது. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் எடுத்தால், முதல் மழை வெடிப்பு வழியே நேராக அடிக்கு இறங்கி, உப்பலை ஒரே பருவத்தில் கொண்டுவந்துவிடும்.

பொருளாதாரத்தைப் பேசாமல் இந்த வழக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. மரம் அறுப்பவர் பல சமயம் கூலியை மரத்திலேயே கழித்துக்கொள்கிறார். வேம்புத் தூரும் வாகைத் தூரும் செங்கல் சூளைக்குப் போகும். புளியந்தூரின் நடுக்கட்டை கறிக்கடைக்குக் கட்டையாகும். தூரைப் புரட்டினால் அவருக்கு வரவு. அது அவர் தொழில், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தூரின் எடைக்கு விலை பேசும்போது குழியின் விலையையும் வீட்டுக்காரர் கணக்கில் வைக்க வேண்டும். பொதுச் சுவரில் இரண்டு வீடுகள் நிற்கும் பழைய தெருக்களில் அந்த விலையைப் பக்கத்து வீடும் சேர்ந்து கொடுக்க நேரிடும். அவர்கள் அஸ்திவாரத்தின் ஆழம் நமக்குத் தெரியாது. ஆகையால் ஆளை அழைப்பதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் பேசி, இரண்டு பக்கச் சுவரிலும் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதி போட்டுப் படமெடுத்து, விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறித்துவைத்து, மூன்றடி ஆழத்து மண்ணை எடுத்துப் பார்த்து, அதன் பிறகே ஒப்பந்தம் பேச வேண்டும். ஒப்பந்தத்தில் எவ்வளவு ஆழம்வரை தோண்டலாம், எந்தப் பக்கத்து வேரை இழுக்கக் கூடாது, குழியை யார் எப்படி மூடுவது என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்த இரண்டு மழைக்காலம் முடியும்வரை அந்தப் பென்சில் குறிகளைத் தாண்டி விரிசல் நீள்கிறதா என்று பார்த்துவர வேண்டும். நீண்டால் பூசி மறைக்காமல் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.